காருக்கடியில் சிவப்பு எண்ணெய்

திங்கள். மூட்டம். மழை இல்லை.
வாசல் கழுவும்போது பார்த்தேன். காருக்கடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக எண்ணெய். தொட்டால் வழுவழுப்பு. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனியக்கூட இல்லை.
"ஏசித் தண்ணி அம்மணி. எல்லா வண்டியிலயும் சொட்டும்."
சிவப்பு நிறத்தில் ஏசித் தண்ணீர். என் கணவர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார். பாவம் பிள்ளைகள்.
துவரம்பருப்பு, டெட்டால் வாங்க வேண்டும்.

செவ்வாய். நல்ல வெயில்.
அப்பாவுக்கு டயாலிசிஸ். அன்னூர் போய் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கோவில்பாளையம் தாண்டியதும் எஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. பின்னால் ஹாரன். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது.
"நா நடந்து போயிக்கறேன் கண்ணு."
கட்டிலிலிருந்து வாசலுக்கே நடக்க முடியாதவர். ஆட்டோவில் கொண்டுபோனேன். ஊசி குத்தும்வரை என் கையை விடவில்லை.
கார், ரெக்கவரி வண்டியில் வீடு வந்தது. சாயங்காலம் கொழுந்தன் மாதேஸ் வந்தான். கட்டட கான்ட்ராக்டர். எங்கள் வீட்டில் எது கெட்டாலும் நிபுணர். யார் நியமித்தார்களோ. பானெட்டைத் திறக்காமலே தீர்ப்பு.
"கியர்பாக்ஸ் போச்சுங்க அண்ணி. வந்த வெலைக்கு வித்துப்போடுங்க."
என் கணவரும் தலையாட்டினார். இடது முழங்கால் மடங்காத எனக்கு, கிளட்ச் இல்லாத இந்த ஆட்டோமேட்டிக்கை விட்டால் வேறு வண்டி ஏது? அப்பாவை யார் கூட்டிப்போவது? அதைப் பற்றி இருவரிடமும் ஒரு வார்த்தை இல்லை. வடை மட்டும் நன்றாக இறங்கியது.

புதன். காற்று.
அவர் கிளம்பியதும் பழைய நைட்டி, ஒரு கட்டுத் துணி, போன் டார்ச். எண்ணெய்ப் பிசுக்கை எல்லாம் துடைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். கசிவு கியர்பாக்ஸில் இல்லவே இல்லை. முன்னால், கியர் ஆயிலைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் ஓஸில். அங்கிருந்து வழிந்து பின்னால் சொட்டுகிறது. ஓஸை இறுக்கும் கிளாம்ப் இல்லை. அந்த இடத்தில் கட்டுக்கம்பி! பில்லர் கட்டுவதுபோல் முறுக்கி வைத்திருக்கிறது. போன மாதம் ரேடியேட்டர் மாற்றியது யார்? "எதுக்குங்க மெக்கானிக்கு, நானே பாத்துக்கறேன்" என்ற மாதேஸ்.
போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான்.

வியாழன்.
மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். புது ஓஸ், கிளாம்ப், சரியான ஆயில்.
"ஆயில் கொறஞ்சதுதாங்க, வேற ஒண்ணுமில்லீங்க. அப்படியே ஓட்டியிருந்தா கியர்பாக்ஸ் போயிருக்குமுங்க."
தெருவைச் சுற்றி வந்தேன். வெண்ணெய் மாதிரி போகிறது. தனியாக இருந்ததால் கொஞ்சம் அழுதேன்.

வெள்ளி. தூறல்.
மறுபடி டயாலிசிஸ். கணவரும் வருகிறேன் என்றார், அதிசயமாக. அன்னூரில் அப்பாவை முன்சீட்டில் ஏற்றினேன். பின்சீட்டில் இவர் போனில் யாரிடமோ:
"ஆமாங்க, நாங்களே கண்டுபுடிச்சுட்டோம். ஓஸ்தான். நானும் மாதேசும் பாத்துச் சரிபண்ணிப்போட்டோம்."
கோவில்பாளையம் ஸ்டாப்பில் ஓரங்கட்டினேன்.
"எறங்குங்க."
"இங்கயா? ஏன் அம்மணி?"
"டவுன் பஸ் வருமுங்க."
அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. இவர் இறங்கினார். கதவைச் சரியாகச் சாத்தக்கூடத் தெரியவில்லை. அதையும் நானே இறங்கிப் போய்ச் சாத்தினேன்.