ரோஸி காலி என்று நான் சொன்ன வாரம்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கால்நடை மருந்தகத்தில் பயிற்சி, இரண்டாவது வாரம்.

வாங்க வேண்டியவை: சோப்பு (வாசனை தூக்கலாக), கொசுவத்தி, துணி துவைக்க இன்னொரு வாளி. அறைத்தோழி இசக்கி கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். நான் உள்ளே வந்தாலே மூக்கைப் பொத்துகிறாள். பொத்தட்டும். ஒருநாள் அவள் ஊரில் எருமை ஈன முடியாமல் முக்கும்போது என்னைத்தான் கூப்பிடுவாள்.

மருந்தக டாக்டர் சார் சேரப்பணஞ்சேரியில், கோமாரித் தடுப்பூசி முகாம், வெள்ளி வரை. மருந்தகத்தில் நானும் என்னோடு படிக்கும் கார்த்தியும் (இனி கா.). அவனுக்கு நீளக் கை. எனக்குக் குட்டை. சினை பார்க்க மாட்டின் பின்வழியாகத் தோள்வரை கையை விட வேண்டும். அதனால் நான் போகும் இடமெல்லாம் ஒரு நீல கிரேட்டும் வரும். ஏதோ கம்பெனியில் நட்டு, போல்ட்டு சுமந்த பெட்டி, இப்போது என்னைச் சுமக்கிறது. கா. அதற்கு வைத்த பெயர் டாக்டரம்மா சிம்மாசனம்.

மதியம் வடக்குப்பட்டிலிருந்து மேரி அக்கா. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஆளும் உயரம், குரலும் உயரம். கூட ரோஸி, கலப்பினப் பசு. பால் வற்றிவிட்டது. பொங்கல் கழித்துச் சினை ஊசி போட்டதாம், அதற்கப்புறமும் ஒரு தடவை பருவத்துக்குக் கத்தியதாம். சினை இல்லையென்றால் வியாழக்கிழமை காலை வாலாஜாபாத் வியாபாரி வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் வாங்கும் மாடு எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

கிரேட்டில் ஏறினேன். துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"சினை இல்லக்கா. காலி."

அக்கா ரோஸியின் கழுத்தைத் தடவிக்கொண்டே, சும்மா வைத்துத் தீனி போட்டு மாளாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் ஒருமுறை பார்க்கட்டுமா என்று கா. கேட்டான். தேவையில்லை என்றேன். என் கை மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.

ஜூன் 11, புதன்

மேகமூட்டம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போனது.

காலையில்: நாய், லாரி அடித்து முன்னங்கால் முறிவு. ஆடுகள், கழிச்சல். சேவல், நொண்டல். பந்தயச் சேவல் இல்லை என்று அதன் சொந்தக்காரர் யாரும் கேட்காமலேயே சொன்னார்.

பிறகு ஒரு கிடேரி, சினை பார்க்க. கையை விட்டதும் கர்ப்பப்பை உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. மெத்தென்று, இரண்டு பக்கமும் ஒரே பருமன். காலி. சந்தேகமே இல்லை.

கையை வெளியே எடுக்கும்போதுதான் உறைத்தது. காலி என்றால் காலிப் பை கையில் கிடைக்க வேண்டும். ரோஸியிடம் எனக்குப் பையே கிடைக்கவில்லை. ஐந்து மாதச் சினை என்றால் பை கனத்து, இடுப்பெலும்பைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கிவிடும். இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். சினை மாடும் சில சமயம் பருவத்துக்குக் கத்தும், அதையும் மறந்தேன். கைக்கு எட்டாததை இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பயம். வெட்கம் அதைவிட அதிகம். சாருக்குப் போன், எடுக்கவில்லை. அக்காவுக்குப் போன், அணைந்திருக்கிறது. சார் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்கிறான் கா. சார் வருவதற்குள் மாடு வண்டியேறிவிடும்.

சாயங்காலம் வடக்குப்பட்டு. வீடு பூட்டு. பக்கத்து வீட்டு அம்மா: "அது ஓ.டி. பாத்துகினு கீது. கம்பெனில போன வாங்கி வச்சிப்பாங்க. காலைலதான் வூட்டுக்கு வரும்." வியாபாரி வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். மேரி மாடு, மேரி இஷ்டம் என்றார். கொட்டகையில் ரோஸி நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. பையில் கையுறை இருந்தது. சொந்தக்காரர் இல்லாமல் தொடக் கூடாது. திரும்பிவிட்டேன்.

அறைக்கு வந்தேன். இசக்கி, "ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாரும் செத்துட்டாவளா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

ஜூன் 12, வியாழன்

ராத்திரி நல்ல மழை. சாலையெல்லாம் சேறு, ஷிப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக. கா. முணுமுணுத்தபடி பைக் ஓட்ட, பின்னால் நான், மடியில் கிரேட்.

அக்கா வாசலில் நின்றார், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. வியாபாரி வந்துகொண்டிருக்கிறாராம். நான் சுற்றி வளைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சொன்னது தப்பு, திரும்பப் பார்க்க வேண்டும் என்றேன். அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கிரேட் சேற்றில் அமிழ்ந்தது. பை இன்றும் எட்டவில்லை. ஆனால் இன்று நான் தேடியது பையை இல்லை. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் இடுப்பெலும்பை ஒட்டி ஓடும். அது என் குட்டைக் கைக்கும் எட்டும். விரலால் மெல்லப் பிடித்தேன். சினை இல்லாத மாட்டில் அது நாடி மாதிரி விட்டுவிட்டுத் துடிக்கும். இது விடாமல் அதிர்ந்தது.

"சினைதான்க்கா. அஞ்சு மாசம்."

அக்கா அசையவில்லை. "அன்னிக்கும் இதே கெத்தோடதான் சொன்ன பாப்பா. நான் எத்த நம்புறது?"

சரியான கேள்வி. கா. தனக்கென்று ஒரு கையுறையை எடுத்தான். அவனும் என்னைப் போல மாணவன்தான். எங்கள் வாயை அவர் ஏன் நம்ப வேண்டும்? கையுறையை அவனிடமிருந்து வாங்கி அக்காவிடம் நீட்டினேன். சார் கேள்விப்பட்டால் தோலை உரிப்பார். உரிக்கட்டும்.

அக்கா வளையலைக் கழற்றினார். கையுறை மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். அவசரப்படாமல், எலும்பை ஒட்டி, அழுத்தாமல் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கைக்கு கிரேட் தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ரோஸி காலை மாற்றி நின்றது.

"போன் அதிர்ற மாறி கீது," என்றார்.

"அதான்க்கா."

கையை எடுக்கவே மனமில்லை அவருக்கு.

தெருமுனையில் ஹாரன். வியாபாரியின் குட்டி யானை சரக்கு வண்டி. அக்கா தோள்வரை கையுறையோடு, சாணி சொட்டச் சொட்ட வாசலுக்குப் போனார். பேசினபடிதானே என்று வியாபாரி இறங்கிக்கொண்டே கேட்டார். அக்கா அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"நானே பாத்துட்டேன். வண்டிய எடு."