ஓடிபி உங்கள் செல்லுக்குத்தான் போனது, அக்கா

வாணியம்பாடி மண்ணுக்குள் அசதி தீரப் படுத்திருக்கும் என் மும்தாஜ் அக்காவுக்கு,

உங்களை எழுப்ப எனக்கு மனசில்லைதான். ஆனால் போன வெள்ளிக்கிழமை நம் கல்லூரி நூலகத்தில் நடந்த கூத்தை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு யாரிடம் சொல்வேன்? ஆலங்காயத்தில் பஸ் ஏறியதிலிருந்து ஜவ்வாது மலை ஏறி இறங்கும் வரை வாய் மூடாமல் பேசிக்கொண்டு வந்தவர்கள் நாம் இருவர்தானே. நூலகர் நீங்கள், உதவியாளர் நான். இப்போது உங்கள் ஜன்னலோர சீட்டில் என் பையை வைத்துக்கொண்டு வருகிறேன்.

நூலகம் ‘டிஜிட்டல் அறிவு மையம்’ ஆகிவிட்டது. அதற்கு உங்கள் பெயரையே வைத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள் அக்கா. கதவுக்கு மேலே பித்தளைப் பலகையில் உங்கள் பெயர், உள்ளே சுவரில் உங்கள் போட்டோ, அதற்கு ரோஜா மாலை. “அவங்கள்ல போட்டோவுக்கு மாலை போடுற வழக்கம் இல்லைங்க சார்” என்று முதல்வரிடம் சொல்லிப் பார்த்தேன். “மரியாதைதானம்மா” என்றார். கேட்டுச் செய்வதும் மரியாதைதான் என்று அவருக்கு யார் சொல்வது? நூலகத்துக்கு ஒரு பேட்டரி கேட்டு அவர் அறை வாசலில் நீங்கள் நின்றபோது, “இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்ல” என்று உள்ளேயிருந்து சொன்னாரே, அதே வாய்தான் இப்போது உங்களைத் ‘தொலைநோக்குச் சிந்தனையாளர்’ என்கிறது.

மையத்தின் அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். ஆள் உயரத்துக்கு ஒரு டச் ஸ்கிரீன். ஏசி. முகத்தைப் பார்த்துத் திறக்கிற கண்ணாடிக் கதவு. சாமைக் காட்டில் வேலை செய்துவிட்டு ஓடி வருகிற பிள்ளைகளின் முகம் அந்தக் கதவுக்குப் பிடிபடவே இல்லை. முதல்வர் முகத்தை மட்டும் தூரத்திலேயே கண்டுகொள்கிறது. யாரைப் பார்த்துப் பல்லிளிக்க வேண்டும் என்று அதற்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல. புத்தக அலமாரிகள் போட்டோவில் பழசாகத் தெரிகின்றனவாம், எல்லாவற்றையும் குடோனில் தள்ளிவிட்டார்கள்.

ஸ்கிரீனில் ஒரு பக்கம் திறக்க வேண்டுமென்றால் செல் நம்பர் போட வேண்டும், அந்த நம்பருக்கு ஓடிபி வரும், அதை அடிக்க வேண்டும். எந்த மேதாவி இதை யோசித்தானோ! இந்த மலையில் பாதி வீடுகளில் சிம் போட்ட செல் ஒன்றுதான். அது அப்பா சட்டைப்பையில் குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போயிருக்கும். திறப்பு விழாவுக்கு முன்னால் சோதனை பார்த்தபோது, மூன்றாம் வருடம் படிக்கிற மஞ்சுளா தன் வீட்டு நம்பரைப் போட்டாள். ஓடிபி குடகுக்குப் போனது. அவள் அப்பாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. “மேஸ்திரியக் கூப்ட்டுப் படிக்கச் சொல்லட்டுமா மேடம்?” என்று அந்தப் பிள்ளை கேட்கிறது. விளக்குமாற்றுக்குப் பட்டுக் குஞ்சம் கட்டிவிட்டு, குப்பை ஏன் போகவில்லை என்று மீட்டிங் போடுகிற கூட்டம் அக்கா இது.

நமக்கு மெஷின் என்றால் ஆகாது என்று பேசிக்கொள்கிறார்கள். யாருக்கு, உங்களுக்கா? டிபன் டப்பா அளவில் அந்த வெள்ளைப் பெட்டியை வாங்கி வந்து, ஒரு வாரம் மல்லுக்கட்டி, “சாந்தி, இங்க பாருடி, நெட்டே இல்லாம வைஃபை வர்துடி!” என்று கூவினீர்களே. பழைய கேள்வித்தாள், அகராதி, வாத்தியார்கள் குரலிலேயே பாடம், எல்லாம் அதற்குள் இருந்தது. சிம் வேண்டாம், ஓடிபி வேண்டாம். தெரிந்தவர் வீடுகளில் மூலையில் கிடந்த பழைய செல்களை நீங்கள் கேட்டு வாங்கி வந்ததே போதுமாக இருந்தது. பிள்ளைகள் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து இறக்கிக்கொண்டு போய், சந்தையில் பார்க்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் ஏற்றிவிடுவார்கள். பாடம் சாமை மூட்டையோடு சந்தைக்குப் போய்த் திரும்பும்.

அந்தப் பெட்டியைத்தான் உதவாத சாமான் அறைக்கு அனுப்பச் சொன்னார்கள். திறப்பு விழா அன்று சாயங்காலத்துக்குள் தூக்கிவிட வேண்டும் என்று உத்தரவு. ஸ்கிரீன் மாட்ட வந்த, டை கட்டிய கம்பெனிக்காரரிடம் கேட்டேன். “அது சிஸ்டத்துல காட்டாது மேடம். சிஸ்டத்துல காட்டலேன்னா யாரும் யூஸ் பண்ணலேன்னுதான் அர்த்தம்” என்றார். அவர் சொல்லும்போதே அவர் காலடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சுளா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். “இன்னா மேடம், இதயும் எட்துக்குனு பூட்டா பரீட்சைக்கு நாங்க இன்னா பண்றது?” என்றாள். அடுத்த மாதம் பரீட்சை. புத்தகம் குடோனில்.

வெள்ளிக்கிழமை வந்தது. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி காலையிலேயே வந்துவிட்டார். ஆனால் ராகுகாலம் கழியட்டும் என்று அவரைப் பன்னிரண்டு மணி தாண்டும் வரை பொன்னாடையோடு உட்கார வைத்தார்கள். டிஜிட்டல் மையம் திறக்கவும் ராகுகாலம் பார்க்கிறார்கள் பாருங்கள்! மேளம் அடித்தது. அதிகாரி ஸ்கிரீனில் விரல் வைத்தார். ‘மையத்தைத் திறக்க, பதிவு செய்யப்பட்ட பொறுப்பாளர் எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது’ என்று வந்தது.

“யார் நம்பர் குடுத்துருக்கீங்க?” என்றார் கம்பெனிக்காரர். யாருக்கும் தெரியவில்லை. அவரே லேப்டாப்பில் தேடிப் படித்தார். முதல் எண்ணைச் சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. திட்டம் போட்ட புதிதில் பொறுப்பாளர் என்று உங்கள் நம்பரைக் கொடுத்தார்களே, அதை ஒருத்தரும் மாற்றவில்லை. பெயர்ப்பலகை மாற்றினார்கள், பெயிண்ட் மாற்றினார்கள், நம்பரை மாற்றத் தோன்றவில்லை.

“அந்த மேடத்த வரச் சொல்லுங்க” என்றார் அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

நான் சுவரைக் காட்டினேன். “அங்க இருக்காங்க சார், மாலையோட.”

மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். முதல்வர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அக்கா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

“அவங்க வூட்டுக்காரருக்குப் போன் போடும்மா” என்று என்னை விரட்டினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டவர் கிடைக்கிற இடத்தில் நின்று போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? பாய் ஜும்மாத் தொழுகையில் இருந்தார். ராகுகாலத்துக்குப் பயந்து ஜும்மாவில் வந்து மாட்டினார்கள் புண்ணியவான்கள். நான் உள்ளே வந்து சொன்னதும், “தொழுகைய முடிச்சிட்டு வரட்டும், பாவம்” என்று முதல்வர் பெருந்தன்மையாகச் சொன்னார். வேறு வழி?

எல்லோரும் கறுத்த ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்வரிசைப் பிள்ளைகள் குனிந்து செல்லில் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். “இங்க நெட் வருதா?” என்று அதிகாரி கேட்டார். “இல்லைங்க ஐயா, இது மும்தாஜ் மேடம் பெட்டிங்க” என்று மஞ்சுளா எழுந்து சொன்னாள். அவர் எழுந்து போய்ப் பெட்டியைப் பார்த்தார், பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டார், ஓடிபிக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டார். மறுநாள் பேப்பரில் ‘நெட் இல்லாமலே இயங்கும் அறிவு மையம், அதிகாரி திறந்துவைத்தார்’ என்று வந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அன்றைய அமளியில் பெட்டியைத் தூக்க ஆள் வரவில்லை, ஆனால் அவ்வளவு பேர் வாங்கிய பிறகும் பெட்டியைத் தூக்கச் சொன்ன உத்தரவு மட்டும் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை முதல்வர் கூப்பிட்டார். நம்பரை மாற்ற வேண்டுமாம். அதற்குப் பழைய நம்பருக்கே ஒரு ஓடிபி வருமாம், பாயிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். ஆக, உங்களை நீக்குவதற்கும் உங்கள் அனுமதிதான் தேவைப்பட்டது.

“பெட்டி இங்கயே இருக்கும்னு உத்தரவு போட்டுக் குடுங்க சார். அப்பறம் கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

“இன்னாம்மா, மிரட்றியா?”

“நான் எதுக்கு சார் மிரட்டப் போறேன்? அக்கா கிட்ட சும்மா போய் எப்டி கேக்குறது?”

முறைத்தார். பிறகு பச்சை மை பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பெட்டி அதே இடத்தில் இருக்கிறது அக்கா. மஞ்சுளா அதன் பக்கத்திலேயே குடியேறிவிட்டாள்.

தொட்டிக்குப் பின்னால் போய்ப் பாய்க்குப் போன் போட்டேன். உங்கள் செல்லுக்கு அவர் மாதா மாதம் ரீசார்ஜ் செய்து தலைமாட்டில் வைத்திருக்கிறார், உங்களுக்குத் தெரியுமா? “வெள்ளிக்கிழம தொழுதுட்டு வந்தா அவ செல்லுல மெசேஜு வந்துருந்துச்சும்மா” என்றார். “ரொம்ப நாள் கழிச்சு. யாரோ அவளத் தேடியிருக்காங்கன்னு மனசு திக்குனு ஆய்ட்ச்சு.” நான் விஷயத்தைச் சொன்னேன். புது ஓடிபி வந்ததும் ஒவ்வோர் எண்ணாக நிதானமாகப் படித்தார். கம்பெனிக்காரர் அடித்தார். நம்பர் மாறிவிட்டது.

நான் போனை வைக்கப் போனேன். “அப்போ இனிமே அவளுக்கு ஒண்ணும் வராதாம்மா?” என்றார் பாய்.

“வரும் பாய், நான் அனுப்பறேன்” என்றேன்.

அனுப்புகிறேன். காலையில் வந்ததும் பெட்டி சுவிட்சைப் போட்டுவிட்டு, தொட்டிக்குப் பின்னால் போய் நின்று, ‘பெட்டி ஓடுது அக்கா’ என்று உங்கள் நம்பருக்கு அடிக்கிறேன். நான் இந்த மலைக்குப் பஸ் ஏறுகிற வரை அது நிற்காது. படித்துச் சொல்லப் பாய் இருக்கிறார்.

உங்கள் ஜன்னலோர சீட்டை யாருக்கும் விடாத தங்கச்சி,
ஆலங்காயம் சாந்தி