அணைந்த பின்னும் தெரிந்த விளக்கு

சனியின் நிலவு டைட்டன், ஏரிக்கரை நிலையம். 06:10
டர்பைன் சீராக ஓடுகிறது. பதிவு: பத்மாசனி, ஒளி உணர்விகளின் பொறுப்பாளர். சுழலும் தகடுகள் வீசும் ஒளியைக் கொண்டு அவற்றின் சூட்டை மூன்று நீலக்கல் இழைகள் அளக்கின்றன. பழைய இரண்டும் 940 டிகிரி காட்டுகின்றன. நேற்று மாற்றிய மூன்றாவது 1,130. இரண்டு ஒத்துப்போனால் மற்றதைத் துண்டிப்பது இங்கே விதி. துண்டித்தேன்.
புதியவற்றை நான் எளிதில் நம்புவதில்லை. பனிக்கட்டி வெட்டி வர வண்டியில் கிளம்பிய மரியநேசன் சிரித்தார். இங்கே நாங்கள் இருவர்தான். "கண்ணாடியில ஒங்க மொகத்தப் பாத்தாலே ஒங்களுக்குச் சந்தேகம்தானக்கா."

11:40
இரண்டு இழைகளும் 900க்கு இறங்கிவிட்டன. சூடு குறைவதாக எண்ணிக் கட்டுப்பாட்டுப் பெட்டி எரிபொருளைக் கூட்டுகிறது. ஆனால் டர்பைன் அறைச் சுவரில் கை வைக்க முடியவில்லை.

12:05
ஆக்சிஜனை மிச்சப்படுத்த ஒரு மாதமாக எரிபொருள் கலவையில் அதைக் குறைத்திருந்தோம். அதனால் கரி. பழைய இழைகள் இரண்டின் முனையிலும் ஒரே அளவு படிந்திருக்கிறது. ஒன்றாகக் குருடானவை ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? மூன்றாவதை மீண்டும் இணைத்தேன். 1,290. தகடுகள் தாங்குவது 1,200 வரை.
நிறுத்தினால் வழிகாட்டி விளக்கு அணையும். விளக்கின் மாற்று மின்கலங்கள் போன வாரமே உறைந்துவிட்டன. இந்த மூட்டத்தில் மரியநேசனுக்கு வேறு வழி தெரியாது. எரிபொருளைக் குறைத்து ஓட்டுகிறேன். வானொலியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்: "ஒரு மணி நேரத்துல வந்துருவேன். வெளக்க மட்டும் அணைச்சிராதீங்க."

12:50
தகடு பிய்ந்தது. ஆக்சிஜன் குழாயை அறுத்துவிட்டது. இங்கே காற்றிலேயே மீத்தேன். ஆக்சிஜன் கசியும் இடமெல்லாம் எரிகிறது. விளக்கு இல்லை. அனுப்பும் கருவி இல்லை. கேட்கும் கருவி மட்டும் தன் சிறு மின்கலத்தில் உயிரோடு இருக்கிறது. கதவு திறக்கவில்லை.

13:10
அவர் குரல்: "வெளக்கு நல்லாத் தெரியுதுக்கா. முன்னவிடப் பெருசா இருக்கு. அதப் பாத்தே நேரா வாறேன்."
அது விளக்கு இல்லை. தீ ஆக்சிஜன் தொட்டியை நெருங்கிவிட்டது.

13:18
சன்னலில் டார்ச்சை ஆட்டுகிறேன். பேனா ஒரு கையில். சூடேற்றி நின்றுவிட்டது, குளிர். மூன்றாவது இழை சரியாகத்தான் சொன்னது, இதைக் கண்டெடுப்பவர் அதையாவது
வண்டி வெளிச்சம் தெரிகிறது. நின்றது. என் டார்ச் சிறியது. இரண்டு ஒளி தெரிந்தால் யாரும் பெரியதைத்தான்
தொட்டிப் பக்கம் திரும்புகிறார்