டிக்கியிலிருந்து வந்த குரல்

உன் காரின் டிக்கியைத் திறந்ததும் கருவாட்டு வாடையும், சப்வூஃபர் பெட்டியில் துணி ஒட்டிய பசையின் வாடையும் கலந்து முகத்தில் அடித்தன. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், "லே, ஸ்பீக்கர் இருக்க எடத்துல கருவாடு ஏத்தாத, உப்புக் கேறிப் போவும்" என்று. நீ கேட்டவனா? செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், பிறகு பேசலாம் என்று கையைக் காட்டிவிட்டு அப்படியே போய்விட்டாயே, உன்னைத் திட்டாமல் வேறு யாரைத் திட்ட?

இன்றைக்குக் காரில் வந்தது உன் அம்மாவும் தங்கச்சியும். புதுக்கடை ஊரில் என் கார் சவுண்டு கடை முன்னால் ஓரமாக நிறுத்திவிட்டுத் தங்கச்சி இறங்கினாள். அம்மா பின்சீட்டிலேயே சாய்ந்திருந்தார். மாதா கோயில் பாட்டுக் குழுவில் நீ பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு இருக்கும் பென்டிரைவ் இன்னும் அந்தக் காரின் பாட்டு செட்டில்தான் செருகியிருக்கிறது. உன் குரல் என்று அவருக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

"மக்களே, அவனுக்க பாட்டு இப்பம் கேக்க மாட்டேங்கு. என்னவோ கெட்டுப் போச்சு. கொஞ்சம் பாரு" என்று அம்மா என்னிடம் சொன்னார்.

போட்டுப் பார்த்தேன். ஒன்றும் கெடவில்லை. நீ டாஷ்போர்டு மேல் ஏறி உட்கார்ந்து பாடுவதுபோல் முன்கதவு ஸ்பீக்கர்களிலிருந்து குரல் சுத்தமாக வந்தது. கேட்க முடியாமல் தங்கச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நல்லா கேக்குதே அம்மா" என்றேன்.

"கொட்டு கேக்குது மக்களே. அவனைத்தான் காணல்ல."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது: அந்த செட்டைக் கடைசியாகத் தொட்டவன் நான்.

உனக்கும் எனக்கும் நடந்த சண்டை ஊருக்கே தெரியும். டிக்கியிலிருக்கும் சப்வூஃபருக்கு எந்தச் சத்தம் வரைக்கும் அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கிற கிராஸ்ஓவரை நான் எண்பது ஹெர்ட்ஸில் வைப்பேன். அப்படி வைத்தால் அடிவயிற்றுச் சத்தம் மட்டும், கொட்டும் அதிர்வும் மட்டும், டிக்கிக்குப் போகும். பாடுகிறவன் முன்னாலேயே நிற்பான். நீயோ சவூதியிலிருந்து வந்து காரை வாங்கிய மறுவாரமே அதை நூற்றிருபதுக்கு ஏற்றினாய். ஆண் குரலும் டிக்கிக்குள் போய்விட்டது. "பாடுகவனைக் கட்டி டிக்கியில போட்டுக் கடத்திட்டுப் போறியாலே?" என்று கேட்டேன். கடையிலிருந்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம்லே. நீ உனக்க சோலியப் பாரு" என்றாய். அதற்கப்புறம் நீ டீ குடிக்கப் போகும்போதெல்லாம் நான் இறக்கி வைப்பதும், அடுத்த தடவை பார்த்தால் அது மறுபடி ஏறியிருப்பதுமாக எத்தனை வருஷம் போயிற்று!

உன் முப்பதாம் நாள் பூசைக்கு எல்லாரும் மெழுகுதிரியும் பூவுமாக வந்தார்கள். எனக்கு உங்கள் கோயில் முறை ஒன்றும் தெரியாது. என்னால் ஆனது எது என்று யோசித்தேன். கழுவித் தரச் சொல்லித் தங்கச்சி விட்டிருந்த உன் காரின் டிக்கியைத் திறந்து, கிராஸ்ஓவர் திருகை எண்பதில் வைத்தேன். "இனியாவது ஒழுங்காப் பாடுலே" என்று சொல்லி அழுதேன். நண்பனுக்கு ஒரு சவுண்டு கடைக்காரன் செய்கிற காரியம் அதுதான் என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு உன் குரல் மட்டும் ஏன் கேட்கவில்லை என்று தங்கச்சியைத் தனியாக அழைத்துக் கேட்டேன். அவள் காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மைக்குக் காது போயி நாளாச்சு அண்ணா. கொட்டுகூட கேக்கியது இல்ல, சீட்டு அதிருகது தெரியும், அவ்வளவுதான். காதுல வைக்க மெஷின் வாங்கிக் குடுத்தா பெட்டிக்குள்ள பூட்டி வச்சிட்டாவ. ஆரிட்டயும் சொல்லப்பிடாதுன்னு எங்க அண்ணன்ட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

அட பாவி மனுஷா! மந்தம் அம்மாவின் காதுக்கு என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன ஊரெல்லாம் தம்பட்டமா அடித்திருப்பேன்?

சின்ன ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு டிக்கிக்குள் தலையை விட்டேன். எண்பதிலிருந்து மெல்ல மெல்ல ஏற்றினேன். தொண்ணூறில் ஒன்றும் இல்லை. நூறு தாண்டியதும் பெட்டியின் பலகையில் உன் குரல் முனகத் தொடங்கியது. நூற்றிருபதில் நிறுத்தினேன். பின்சீட்டில் அம்மா முதுகை நன்றாகச் சாய்த்தார்.

"ஆ... வந்துட்டான்" என்றார். "இப்பவும் இழுத்துத்தான் பாடுகான், பாரேன். கோயில் சாமியார் எத்தனை தடவ சொல்லியும் திருந்தல்ல."

நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு நீ எப்படி வருகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இரண்டு காதையும் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு சீட்டில் சாய்ந்தேன். வார்த்தை ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் நீ மூச்சு வாங்குகிற இடமும், இழுக்கிற இடமும், மறுபடி பிடிக்கிற இடமும் முதுகுத்தண்டில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நீதான்லே. சந்தேகமே இல்லை. அடக்க முடியாமல் தேம்பிவிட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்துக் காதிலிருந்து விலக்கினார். "என்ன மக்களே, காது வலிக்கா?"

அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, உதடு தெரியும்படி, உரக்கச் சொன்னேன்: "ஆமா அம்மா. எனக்குக் காது கேக்காம வருகு. அதான் தெரியாமக் கொறச்சு வச்சிட்டேன் போல."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காருக்கு வெளியே யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பயந்த பிள்ளையைத் தேற்றுவதுபோல் என் தலையைத் தடவினார்.

"பேடிக்காத மக்களே. நான் ஆரிட்டயும் சொல்ல மாட்டேன்."