எதிர்வீட்டுக் கொடிக்கயிறு

என் பிரியமான ஸ்டெல்லா,

நீ அங்கே ஆண்டவர்கிட்டே சௌக்கியமாகத்தான் இருப்பாய். பாடெல்லாம் எனக்குத்தான். இந்த ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் நீ எனக்கு விட்டுட்டுப் போனது இரண்டு: பழைய மிக்ஸி, எதிர்வீட்டு மாமி. மிக்ஸியைத் தூக்கிப் போட்டாச்சு.

மாமிக்கு வலது தோள் இப்போ சுத்தமாக எழும்பறதில்லை. தினமும் துவைத்த ஒன்பது கஜத்தைக் கூடத்தில் உயரத்துக் கொடியில் காயப்போடணும். வேறு யார் கை பட்டாலும் மடி போச்சு. நீ இருந்தவரை நீளக் குச்சியால், கை படாமல் ஏத்தி இறக்கிடுவாய்.

என் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. நீ போன புதிதில் ஒரு நாள் சாரல். ஜன்னல் பக்கம் தொங்கின புடவை நனையுதேன்னு ஓடிப்போய் எடுத்து, அழகாக நாலாக மடித்து நீட்டினேன்.

“அந்தோணி சார், நல்லதுதான் பண்ணேள்” என்றார் மாமி. “ஆனா இதை மறுபடியும் நனைக்கணுமே.”

உதவி செய்தது நான், தண்டனை அவங்களுக்கு. நம்ம பத்தாங்கிளாஸ் புத்தி அவ்வளவுதான்.

அப்புறம் ஒர்க்‌ஷாப் மூளையைக் கொஞ்சம் கசக்கினேன். கொடிக்கு இரண்டு கப்பி மாட்டி, கயிற்றை அவங்க வாசல்வரை கொண்டுவந்தேன். கொடியை இறக்கினால் மாமி புடவையைப் போடுவாங்க. நான் வாசலில் நின்று இழுத்துக் கட்டிடுவேன்.

“கயிறு வழியா மடி போயிடுமா மாமி?”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றவங்க, மறுநாள் சொன்னாங்க: “நைலான்னா பரவாயில்லை.”

அன்றிலிருந்து காலையில் ஏத்தறதும் சாயந்தரம் இறக்கறதும் என் உத்தியோகம். ஈரப் புடவை என்ன கனம்! ஞாயிற்றுக்கிழமை அதை முடித்துட்டு மாதா கோயிலுக்குப் போனால் பாதி பூசை முடிந்திருக்கும். அடுத்திருப்பவர் மேல் இரக்கம் வேணும்னு சாமியார் நல்லாத்தான் சொல்றார். இடுப்புவலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்றதில்லை. உனக்கு அலுத்ததே இல்லையா ஸ்டெல்லா? அலுத்தும் சொல்லாமல் இருந்தாயா?

நம்ம ஜெனி என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா.

“தொட்டா குளிக்கிறவங்களுக்கு எதுக்குப்பா இவ்வளவு? உங்களுக்கு ரோஷமே இல்லையா?”

“இருந்துச்சும்மா. உங்கம்மா துவைச்சுக் காயப்போட்டுட்டா.”

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அவள் கேட்டது உள்ளே உறுத்தியது. இடுப்பும் ஒத்துழைக்கவில்லை. “சரி, வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போ” என்று சொல்லிட்டேன். மாமியிடம் எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை.

அதற்குள் காய்ச்சல் வந்து படுத்துட்டேன். காலையில் கயிறு இழுக்கப் போகவில்லை. பாலுக்காகத் திறந்துவைத்த கதவு வழியே மாமி வந்தாங்க. நேராக என் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாங்க.

“ஐயோ மாமி, தொட்டுட்டீங்களே!”

“தெரியறது. அனலாக் கொதிக்கறது. பேசாம படுங்கோ.”

ரசம் சாதம் கரைத்துக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கிறவரை நின்னாங்க. அப்புறம் அவங்க வீட்டில் வாளிச் சத்தம். குளியல்! எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கொஞ்ச நேரத்தில் புடவை பிழிகிற சத்தமும் கேட்டது. அந்தத் தோளோடு, ஒரே காலையில் இரண்டாவது தடவை. அதுக்கப்புறம் சிரிக்க முடியலை.

மெதுவாக எழுந்து, சுவரைப் பிடிச்சுக்கிட்டே போய்க் கொடியை இறக்கினேன். மாமி வாளியைக் கீழே வைத்துப் புடவையைப் போட்டாங்க. நான் இழுத்துக் கட்டினேன்.

ஜெனிக்குப் போன் பண்ணிட்டேன். “வெள்ளிக்கிழமை வாம்மா, இரண்டு நாள் இருந்துட்டுப் போ. நான் வரலை.”

“ஏம்ப்பா?”

“இங்கே கயிறு இழுக்க ஆளில்லை.”

அலுப்பு போயிடுச்சுன்னு உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கும் முணுமுணுத்துக்கிட்டேதான் போவேன். ஆனால் மாமி வாளியைக் கீழே வைக்கும்போது நான் வாசலில் நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு,
உன் ஜெனியோட அப்பா