சரிவுக்குக் கொட்டிய கல்

ஜூன் 4

இன்று இருபத்து மூன்று லோடு இறங்கியது. எல்லாம் தலையளவு உடைகல். மேலே கட்டப்போகும் குடியிருப்புக்காக நாங்கள் வெட்டிய சரிவு, இரண்டே மழையில் கரைய ஆரம்பித்துவிட்டது. அதைப் பிடித்து நிறுத்தத்தான் இந்தக் கல். சரிவுக்குக் கீழே நாலு வீடு, முதல் வீடு என் அக்காவுடையது. சைட் என்ஜினியர் நானே என்பதால் வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது.

சாயங்காலம் பார்க்கிறேன், குவியல் காலையில் இருந்த உயரத்தில்தான் இருக்கிறது. டிப்பர் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், நான் கொட்டினது எங்க?" என்றார். அழுந்தியிருக்கும் என்றேன்.

ஜூன் 5

இன்னும் பத்தொன்பது லோடு. உயரம் அதே.

ஜூன் 7

நேற்று குவியலின் ஓரத்தில் பன்னிரண்டு கல்லில் வெள்ளை பெயின்ட் அடித்து நம்பர் போட்டேன். இன்று மூன்றுதான் கண்ணில் படுகின்றன. ஜேசிபியை விட்டுத் தோண்டச் சொன்னேன். ஓர் ஆள் ஆழத்தில் ஏழாம் நம்பர் கிடைத்தது. மண் அரிக்காமலிருக்கக் கல்லுக்கு அடியில் நாங்கள் விரித்த துணி அதற்கும் கீழே இருக்கிறது, எங்கேயும் கிழியவில்லை. கல் சேற்றில் புதைந்திருந்தால் துணி கிழிந்திருக்கும். இங்கே கல், துணி, மண் எல்லாம் வரிசை மாறாமல் அப்படியே இறங்கியிருக்கின்றன.

ஜேசிபி ஓட்டுகிறவர் என்ஜினை நிறுத்திவிட்டு, "சார், கேக்குதா?" என்றார். கேட்டது. கீழே எங்கேயோ கல்லோடு கல் உரசுகிறது, தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல. அவர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, பொண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்குப் பொண்ணே கிடையாது.

ஜூன் 10

"அடுக்களைக் கதவு மூட மாட்டேங்குது, வந்து பாரு" என்று அக்கா கூப்பிட்டாள். போனேன்.

கதவில் கோளாறு இல்லை. தரை உயர்ந்திருக்கிறது. அடுக்களையிலிருந்து பின்னறை வரை, கீழே ஏதோ படுத்து மூச்சு இழுத்ததுபோல் நடுவில் மேடு. நூல்கண்டைக் கீழே வைத்தேன். அது தானே உருண்டு வாசல்வரை போனது.

"மத்தியானம் ரெண்டு மணிக்குத் தட்டுறாருடா" என்றாள் அக்கா.

"யாரு?"

"உன் மாமாதான்."

பால் வந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். மாமா போய் நாலு மாதம் ஆகிறது. பின்னறையில் படுக்கையாய்க் கிடந்த இரண்டு வருஷமும் பேச்சு இல்லை. கட்டில் சட்டத்தைத் தட்டித்தான் அவளைக் கூப்பிடுவார். சரி, அவளுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்குத் தரைக்கு அடியில் டொக் என்றது. அக்கா கரண்டிக் காம்பால் தரையைத் தட்டினாள். நின்றது.

 

ஜூன் 11

லெவல் கருவி வைத்து அளந்து பார்த்துவிட்டேன். மேலே எங்கள் குவியல் ஓர் ஆள் ஆழம் இறங்கியிருக்கிறது, கீழே அக்காவின் தரை நாலு விரல் ஏறியிருக்கிறது. மெத்தையின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தால் மறு ஓரம் எழும்புமே, அவ்வளவுதான் விஷயம். சரிவின் தலையில் பாரம் ஏற்றினால் அது வளைந்து அடியில் கிளம்பும். கல்லை அடியிலிருந்துதான் அடுக்கிக்கொண்டு வரவேண்டும். முதல் வருஷப் பாடம்.

தெரிந்தேதான் மேலே கொட்டினேன். கீழ்ச் சந்தில் டிப்பர் நுழையாது. மேலே கொட்டினால் உருண்டு தானே அடிக்குப் போய்ச் சேரும் என்று ஒரு கணக்கு. எல்லா சைட்டிலும் செய்கிற சோம்பேறித்தனம்தான்.

அக்காவைக் காப்பாற்றுகிறேன் என்று நாற்பத்திரண்டு லோடு கல்லை அவள் வீட்டுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். மாமா தட்டவில்லை. நான்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 12

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேலே உள்ள கல்லை அள்ளி அடியில் அடுக்கவேண்டும், அதுவும் அடுத்த பெருமழைக்குள். இல்லாவிட்டால் நாலு வீடும் போகும். "அடியில இடம் எங்கப்பா இருக்கு?" என்றார். வரைபடத்தில் விரல் வைத்தேன். விரல் வைத்த இடம் அக்காவின் வீடு. அதை இடித்தால்தான் வண்டி உள்ளே வரவே முடியும்.

"நீயே சொல்லிடு" என்று எழுந்து போய்விட்டார்.

ஜூன் 13

சொன்னேன். அக்கா முழுசாகக் கேட்டாள். கடைசியில், "நான் வந்துட்டா அவருக்கு யாருடா பதில் சொல்லுவா?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "செத்துப்போன மனுஷன் தட்டல அக்கா, நான் கொட்டின கல்லு தட்டுது, சரிவு நகருதுன்னு அர்த்தம், நீ உள்ள கெடந்து சாகப்போற" — கத்தித் தொலைத்தேன். பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான் பதிலுக்குத் தட்டினா நிக்குதே. கல்லு நிக்குமா?"

 வந்துவிட்டேன்.

ஜூன் 14

மழை.

ஜூன் 15

மழை விடவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு, குடைகூட இல்லாமல், ஒரே ஒரு பையோடு அக்கா சைட் ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"இன்னைக்கு நிறுத்தவே இல்லடா. நானும் தட்டித் தட்டிப் பாத்தேன், கேக்கல. போன்னு சொல்றாரு போல."

அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டு கொடுத்தேன். மற்ற மூன்று வீட்டையும் காலி செய்ய ஆள் அனுப்பினேன். ஐந்து மணிக்குப் பின்னறைச் சுவர் விழுந்தது. மாமாவின் கட்டில் இருந்த பக்கம்.

நான் அழுதேன். அவள் அழவில்லை.

ஜூன் 18

வீட்டை இடித்தாயிற்று. அக்கா வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் கல் இறங்குகிறது. இந்தத் தடவை ஒவ்வொரு கல்லாக, ஒன்றோடொன்று கவ்வும்படி அடியிலிருந்து அடுக்குகிறோம்.

ஜூலை 2

சரிவு நகர்கிறதா என்று பார்க்கப் பதினோரு முளை அடித்து அளக்கிறோம். ஒன்றுகூட நகரவில்லை. பக்கத்து மூன்று வீட்டாரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஜூலை 20

அக்கா என் வீட்டில்தான் இருக்கிறாள். சமைக்கிறாள், என் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். இரண்டு மணி ஆனால் செய்கிற வேலையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள் என்று என் மனைவி சொல்கிறாள். எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர்கள் அலமாரியை நகர்த்தினால்கூட எழுந்து நிற்கிறாளாம்.

வீட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. திட்டிவிட்டாலாவது பரவாயில்லை.

ஜூலை 29

மழை நின்று ஆறு நாள். முளை அளக்கத் தனியாகப் போயிருந்தேன். பதினொன்றும் வைத்த இடத்தில், மயிரிழை மாற்றம் இல்லை. குறித்துக்கொண்டு, அடுக்களை இருந்த இடத்துக் கல்லின்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். கீழே தட்டியது. இரண்டு தடவை.

மறுபடி அளந்தேன். இன்னொரு தடவையும் அளந்தேன். நகர்வு இல்லை. வெயிலுக்குக் கல் விரிந்திருக்கலாம். விரிந்தால் இப்படியா தட்டும்? சைட் நோட்டில் 'நகர்வு இல்லை' என்று எழுதினேன். மற்றதை எழுத அதில் இடம் கிடையாது.

அக்காவிடம் மறைக்க மனம் வரவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"முளை?"

"அசையல."

"எத்தனை தடவ தட்டுச்சு?"

"ரெண்டு."

"ஒண்ணுன்னா தண்ணி வேணும். ரெண்டுன்னா ஒண்ணும் வேணாம், இருக்கியான்னு கேக்கறது." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமாகவும் இருக்கலாம். "நீ பதிலுக்குத் தட்டினியா?"

தட்டினேன் என்றேன். சுத்தியல் காம்பால், நிஜமாகவே தட்டினேன்.