பதிலளித்தவர் எண் 12

பிப். 10, திங்கள்

விடிந்ததிலிருந்து வாடைக்காற்று. பொன்னேரி பஸ்ஸை விட்டாயிற்று. காலேஜ் மட்டம். சரி, புராஜெக்ட் வேலையாவது நடக்கட்டும். சமூகவியல் மூன்றாம் ஆண்டு. தலைப்பு: ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்கள். இருபது பேரிடம் கேட்க வேண்டும். முடிந்தது பதினொன்று.

இன்றைய வேலை: கேள்வித்தாள் ஜெராக்ஸ். (டச்சுக் கல்லறைப் பக்கத்துக் கடை மூடல்.) பேனா. புராஜெக்ட் மேடத்துக்கு போன், திட்டு வாங்க.

பன்னிரண்டாவது ஆள் கன்னியம்மா அக்கா. தண்ணீரில் குந்தித் துழாவிக்கொண்டிருந்தார். நானும் சுடிதாரோடு இறங்கிப் பதினெட்டுக் கேள்வியும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆம், ஆம் என்று டிக் போட்டேன். கரையேறி, பல்லில் கடித்திருந்த, இறால் போடும் ஓலைப்பறியை எடுத்துவிட்டு ஒரே சிரிப்பு. "வாயில பறிய வச்சினு இன்னாத்த சொல்றது? நீ போனா போதும்னு ஆட்டினேன்." பதினெட்டையும் கோடு போட்டு அடித்தேன். மானம் போச்சு.

பிப். 11

மறுபடி அதே அக்கா. இன்று கரையில் உட்கார்ந்து. நன்றாகவே பேசினார்.

எங்கள் ஊர் ஆண்கள் சீட்டுப் போட்டு, முறைவைத்து வலை கட்டும் இடம் 'பாடு'. அங்கே மற்றவர்கள் இறங்கக் கூடாது. போன மாசம் அக்கா அங்கே இறங்கிவிட்டாராம். "பறிய புடுங்கி மிதிச்சிட்டாரு. ஒரு எறா தேறல." யாரு அக்கா அது? "உங்க நைனாதான். நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா."

பெயர் வெளியே வராது, எண் மட்டும்தான் என்று சத்தியம் செய்தேன். மேடம் முதல் நாளே சொல்லித்தந்த பாடம். அக்கா எண் 12.

மத்தியானம் அப்பாவோடு உட்காராமல் திண்ணையில் தனியாகச் சாப்பிட்டேன்.

பிப். 12

வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத ஜென்மம் நான்.

நைனா வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் எனக்கு முன்பின் தெரியாது. "ஒரு பொம்பள பறிய மிதிச்சியா நைனா?" என்று கேட்டுவிட்டேன்.

கை நின்றது. "எவ சொன்னா?"

"யாரோ."

"நான் மிதிச்சதே ஒருத்தியோடதுதான்."

அவ்வளவுதான். பெயரை நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

பிப். 14

தலைவலி. துவைத்த சுடிதார் காயவில்லை.

நைனா சொல்லி நேற்று ஊர்ப் பஞ்சாயத்து. அம்மா பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழுந்தது: "அவங்க யாரும் இனிமே நம்ம கரையில எறங்கக் கூடாதுன்னு சொல்ட்டாங்களாம்." ஒருத்தி இல்லை, கையால் பிடிக்கும் அத்தனை பெண்களும். பிடித்தால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

கன்னியம்மா அக்கா வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறக்கவில்லை. "கேட்டதெல்லாம் போதும். போம்மா."

மன்னிப்புக்கூடக் கேட்க விடவில்லை. எப்படி விடுவார்? வழியெல்லாம் அழுதேன்.

பிப். 17

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அவங்க பேட்டிய புராஜெக்ட்லேருந்து எடுத்துடு. நீ பண்ணினத எழுது" என்றார். மார்க் குறையுமாம். குறையட்டும்.

எழுதினேன். ஒரு பக்கம், நாலு தடவை.

பிப். 18

காற்று இல்லை. மத்தியானம் காரப்பொடி மீன் குழம்பு. நைனா சாப்பிட்டுக்கொண்டே, "இன்னாத்த எழுதின? படி" என்றார். அவருக்குப் படிக்க வராது. கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன்: ஆய்வாளர் தந்த வாக்கை மீறினார். அதனால் அந்தப் பெண்கள் அனைவரும் ஏரியில் இறங்கும் இடத்தை இழந்தனர். பறியை மிதித்தவர் ஆய்வாளரின் தந்தை.

"எம்பேரு போடலியா?"

"யார் பேரும் போடக் கூடாது நைனா."

"ஆய்வாளர்னா யாரு, நீயா?"

"ஆமா."

குழம்புச் சட்டியைத் தள்ளிவைத்தார்.

"அதுக்கு எம்பேரையே போட்டிருக்கலாம்."

மீதிச் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போனார்.